கேத்தலில் படிகிற வெள்ளையும் திறக்காத தண்ணீர்ப் போத்தலும்: டொக்டர் பதில்கள்

கேள்வி: வீட்டுக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம், ஆனால் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளையாகப் படிகிறது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் சிறுநீரகம் பழுதாகி கிளினிக் போகிறார்கள். கணவருக்கு 43 வயது, கூலிக்கு வயலில் மருந்தடிக்கிறவர். இந்தத் தண்ணீர்தான் காரணமா டொக்டர்?
(வாசகி, செட்டிகுளம்)

பதில்: தங்கச்சி, கேத்தலில் படிகிறது பெரும்பாலும் கல்சியம். உங்கள் தண்ணீர் வன்னீர், அதாவது கடின நீர், என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். எனக்குப் பயம் தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற புளோரைட்டு உப்பில். வவுனியாப் பக்கம் பல கிணறுகளில் அது கூடுதலாக இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை விடுகிறது, இலங்கைத் தரம் 1.0. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் முன்பற்களைப் பாருங்கள், எவ்வளவு தீட்டினாலும் போகாத பழுப்புத் திட்டு இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் சொல்லி, தண்ணீரைப் பரிசோதிக்க வழி கேளுங்கள்.

ஆனால் தண்ணீரோடு இந்தக் கதை முடியவில்லை. நீரிழிவும் பிரஷரும் இல்லாத விவசாயிகளுக்கு வருகிற இந்தச் சிறுநீரக நோயை வடமத்திய மாகாணத்தில் 1990களில் கண்டுபிடித்தார்கள், இன்றுவரை இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியவில்லை. புளோரைட்டும் வன்னீரும், விவசாய இரசாயனம், பார உலோகம், வெயிலில் உடம்பு வறண்டுபோவது என்று எல்லாமே சந்தேகத்தில் இருக்கின்றன. இதே மாதிரி நோய் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், நிக்கரகுவாவில் கரும்பு வெட்டுகிறவர்களிடமும் இருக்கிறது. அங்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் வேலைக்கு நடுவில் நிழலும் தண்ணீரும் ஓய்வும் ஒழுங்காகக் கொடுத்த பிறகு தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்புக் குறைந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் வயலிலிருந்து நேரே கிளினிக்குக்கு வந்த ஒருவரின் சைக்கிள் பாரில் ஒன்றரை லீற்றர் போத்தல் தொங்கியது, காலையில் மனைவி நிரப்பிக் கொடுத்தது, பின்னேரம் மூன்று மணிக்கும் மூடி திறக்கப்படவில்லை. ஏன் அண்ணை என்று கேட்டேன். அடிக்கிற மருந்து டாங்கிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, நின்று குடித்தால் ஒரு டாங்கி குறையும் என்றார். களை பிடுங்கப் போகிற பெண்களின் நிலைமை இன்னும் மோசம், ஒதுங்க ஒரு மறைவு இல்லை என்பதற்காகவே காலையில் ஒரு தேத்தண்ணியோடு போய் மத்தியானம் வரைக்கும் ஒரு மிடறு குடிக்காமல் நிற்கிறார்கள். வயல்காரர் ஒரு ஓலைக் கொட்டிலும் ஒரு மறைப்பும் போட்டுக் கொடுத்தால் என்ன, அதற்கு எவ்வளவு செலவாகப் போகிறது?

சரி, நீங்கள் செய்யக்கூடியது. கணவரை வருடம் ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமினும் இரத்தத்தில் கிரியேற்றினினும் பார்க்கக் கூட்டிப் போங்கள், அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கலாம். கால் வீங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாகும்வரைகூட உடம்பு ஒன்றும் காட்டாமல் இருக்கும். உடம்பு நோகுது என்று கடையில் டைக்லோபினாக் வாங்கிப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், வெயிலில் வறண்ட உடம்புக்கு அது சிறுநீரகத்தில்தான் அடிக்கும். ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வினால் உப்புகளை வடித்தெடுத்த தண்ணீர், வாங்க முடிந்த அளவுக்கு வாங்கி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பாவியுங்கள், குளிக்க, கழுவக் கிணறு போதும். மழைநீர்த் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது. முதல் மழையை விட்டுவிட்டு, கூரையைக் கழுவின பிறகு பிடியுங்கள், நுளம்பு போகாமல் வலை கட்டுங்கள், குடிக்கிறதைக் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்ததும் வயலில் இறங்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கென்று மாத்திரை தந்தார்கள், பக்கவிளைவு வரும் என்று சிலர் வேண்டாம் என்கிறார்கள். போடலாமா?
(வாசகர், கண்டாவளை)

பதில்: போடுங்கள் தம்பி. அது டொக்சிசைக்கிளின். வயலில் இறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு, போட்டவுடன் படுக்கக் கூடாது. வயிறு கொஞ்சம் குமட்டலாம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் போடக் கூடாது, அவர்களைச் சேற்றில் இறக்கவும் வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக் கட்டுங்கள். மாத்திரை போட்டாலும் காய்ச்சல், கெண்டைக்காலில் நோ, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள், போனவுடன் “வயலில் வேலை செய்தேன்” என்று நீங்களே சொல்லுங்கள். ஒருநாள் கூலி போகும் என்று பனடோலோடு மூன்று நாள் இழுத்து, சிறுநீர் நின்ற பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அப்போது எங்கள் கையில் அதிகம் இருக்காது.

கேள்வி: மூன்று வயது மகளுக்கு இரவில் மூச்சு இழுப்பு. விறகடுப்புத்தான், காஸ் வாங்கக் கட்டாது.
(வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: உங்கள்மேல் பிழை இல்லை அம்மா. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. காஸ் முடியாவிட்டால் அடுப்பை வெளிப் பத்திக்கு மாற்றுங்கள், ஈர விறகையும் பொலித்தீன் வைத்து மூட்டுவதையும் விடுங்கள். சமைக்கும்போது மகளை மடியில் வைத்திருக்காமல் முற்றத்தில் அம்மம்மாவோடு விடுங்கள். நுளம்புச் சுருளும் புகைதான், வலை கட்டுங்கள். இழுப்புக்கு ஒருமுறை பிள்ளையைக் காட்டத்தான் வேண்டும். வரும்போது எந்த நேரத்தில் இழுத்தது, அன்றைக்கு என்ன எரித்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள், எனக்கு அது பெரிய உதவி.