திரித் துப்பாக்கி மாதிரி: கேள்வி பதில்

எரிகிற திரியால் மருந்தைப் பற்றவைத்துச் சுடும் அந்தக்காலத் துப்பாக்கிதான் திரித் துப்பாக்கி. காட்சிக்கு வைக்கும் அதன் மாதிரியைப் பற்றி மட்டும் கேளுங்கள். சுடுகிற எதுவும் இங்கே கிடையாது.

கே (காரைக்குடி): அண்ணே, இடித்த வீட்டுத் தேக்கு உத்திரம் ஒரு துண்டு இருக்கு. துப்பாக்கியின் மரக் கட்டைக்கு ஆகுமா?

ப: தாராளமா ஆகும் தம்பி. பர்மா தேக்காக இருந்தால் இத்தனை வருஷம் காய்ந்தது, இனி முறுக்காது. அறுக்குமுன் காந்தத்தை மேலே ஓட்டுங்கள், உள்ளே ஒடிந்த ஆணி இருந்தால் ரம்பத்தின் பல் போய்விடும். நம்மூர்த் துப்பாக்கிக் கட்டை ஒல்லியாக, கிட்டத்தட்ட நேராகப் போகும். திரியைக் கவ்வும் கொக்கி கட்டையில் வெட்டிய பிளவிலிருந்து எழும்பி, விசையை இழுத்ததும் முன்பக்கம் சாய்ந்து குழலோரத்தில் பற்றுமருந்து வைக்கிற கிண்ணத்தில் இறங்கும். ஐரோப்பியத் துப்பாக்கியில் பெரும்பாலும் சுடுகிறவனைப் பார்த்துப் பின்னால் இறங்கும், படம் பார்த்துச் செய்கிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பழைய கதவுக் கீலை அராவினாலே கொக்கி வந்துவிடும். குழலைக் கட்டையோடு பித்தளைப் பட்டையால் இறுக்குங்கள். குழலுக்குக் கடைந்த மரம் போதும். துளை கூடாது.

கே (தேவகோட்டை): துளை இருந்தால்தானே நிஜம் மாதிரி இருக்கும்?

ப: முனையில் கறுப்புப் பெயிண்டில் ஒரு வட்டம் போடுங்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால் ஆயுதச் சட்டத்தில் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகும்.

கே (பள்ளத்தூர்): பழைய தண்ணீர்க் குழாய்?

ப: மேலே பாருங்கள்.

கே (கானாடுகாத்தான்): ஒரு கடையில் மருது பாண்டியர் காலத்துத் துப்பாக்கி என்று காட்டினார்கள். நிஜமா?

ப: குழலின் பின்புறம் சின்னக் காம்பு நீட்டிக்கொண்டு, அதன்மேல் சுத்தியல் விழுகிறதா? அப்படியானால் அது கேப்புத் துப்பாக்கி. காம்பின்மேல் மாட்டுகிற, அடித்தால் பொறி தரும் சின்ன உலோக மூடிதான் கேப்பு. கேப்பு புழக்கத்துக்கு வந்தது 1820களில். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபரில்.

கே (அவரே): பிற்பாடு மாற்றியிருக்கலாமே?

ப: நல்ல கேள்வி, அப்படி மாற்றியதும் உண்டு. ஆனால் மாற்றினால் தடம் இருக்கும். குழலின் பக்கவாட்டில் பழைய பற்றுத்துளையை (நெருப்பு உள்ளே போகும் துளை) அடைத்த வட்டம், கிண்ணம் இருந்த இடத்துத் தழும்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அது இல்லையென்றால் கடைக்காரர் விற்பது கதையைத்தான்.

கே (சிவகங்கை): நம்ம ஆட்களிடம் வீசி எறிகிற வளரிதானே இருந்தது, துப்பாக்கி ஏது?

ப: வளரியும் இருந்தது, ஈட்டியும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாதா என்ன? இதற்கே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கே (கோட்டையூர்): பழைய துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாமாமே?

ப: பழசு என்பது மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சுடாது என்ற நிலையில் இருந்தால்தான் விலக்கு.

கே (புதுவயல் ஆச்சி): பித்தளைப் பட்டையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

ப: புதுசாகச் செய்ததைத் தேயுங்கள் ஆச்சி. நிஜமான பழசில் புளி படக் கூடாது, விலையே போய்விடும்.

கே (காரைக்குடி, வேறொருவர்): சைக்கிள் ஹேண்டில்பார் குழாய் ஆகுமா?

ப: அதில் துளை இருக்கிறதல்லவா? ஆகாது.