தலையை ஏந்திய ஆயர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்தொன்பது வருடங்களாக பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில்தான் மரக்கறி வாங்குகிறேன். கடைத்தெருவின் பெயர்ப் பலகையில் 'ஃபோபூர் சென் தெனி' என்று இருக்கிறது. இந்தத் தெனி யார்? வெட்டுண்ட தன் தலையைத் தானே கையில் ஏந்தி நடந்தவர் என்று என் மகள் பள்ளியில் கேட்டு வந்து சிரிக்கிறாள்.
– வாசகி, பாரிஸ்

பதில்: சகோதரி, நீங்கள் பை சுமந்து நடக்கும் தெரு அவருடைய கல்லறைக்குப் போகும் வழி. பழைய நகர வாசலில் தொடங்கி, லா ஷப்பெல் (நம்மவர் வாயில் லாச்சப்பல்) ஊரைத் தாண்டி, வடக்கே சென் தெனி பேராலயம் வரை போன சாலையின் ஒரு துண்டு அது. பிரெஞ்சு அரசர்களின் சவ ஊர்வலங்கள் அந்த வழியாகத்தான் போயின. 'லா ஷப்பெல்' என்றாலே சிற்றாலயம் என்று பொருள். அந்த ஆலயமும் தெனியின் பெயரில்தான் இருக்கிறது. 1429-இல் பாரிஸை மீட்கப் போருக்குப் புறப்படுமுன் ஜோன் ஆஃப் ஆர்க் அங்கே முழந்தாளிட்டு ஜெபித்தார். உங்கள் கடைகளிலிருந்து நடந்தே போய்விடலாம்.

தெனி பாரிஸின் முதல் ஆயர். 250-ஐ ஒட்டி உரோமையிலிருந்து அனுப்பப்பட்ட ஏழு ஆயர்களில் ஒருவர் என்றும், வாளுக்கு இரையானார் என்றும் 6-ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரகோரி எழுதினார். அவர் எழுத்தில் தலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மோன்மார்த்ர் குன்றில் வெட்டுண்டு, தலையை ஏந்தி ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நடந்தார் என்ற கதையை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது 9-ஆம் நூற்றாண்டில் சென் தெனி மடத்தின் தலைவர் இல்துவேன் எழுதிய வரலாறு. ஆயர் இறந்து 580 ஆண்டுகள் கழித்து! சிற்பிகளும் ஓவியர்களும் பட்ட பாட்டைப் பாருங்கள்: ஒளிவட்டத்தைக் கையிலுள்ள தலைக்கு வைப்பதா, வெறும் கழுத்துக்கு மேலே வைப்பதா என்று ஆளுக்கொரு விதமாகச் செய்திருக்கிறார்கள்.

உங்கள் மகளிடம் நான் சொல்ல விரும்புவது கல்லறையைப் பற்றி. கதை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் அந்தக் குழியைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். 5-ஆம் நூற்றாண்டில் புனித ஜெனவியேவ் அதன்மேல் ஆலயம் எழுப்பினார். தெனியின் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று பெரிய இடத்து மனிதர்கள் ஆசைப்பட்டார்கள். 1959-இல் அங்கே தோண்டியபோது ஒரு கல்பேழை கிடைத்தது. உள்ளே பட்டாடையும் நகைகளுமாக ஒரு பெண். விரலில் இருந்த மோதிரத்தில் 'அர்னகுண்டிஸ்' என்ற பெயர். 6-ஆம் நூற்றாண்டின் அரசி! பிறகு 639-இல் தகோபேர்ட் அரசன். அவனைத் தொடர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட அரசர்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசிரியராக ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஜனவரியில் அங்கே போனேன். நிலவறையில் கம்பித் தடுப்புக்கு அப்பால் வெறும் மண்ணும் கல்லும். மேலே பளிங்கில் அரசர்கள் படுத்திருக்கிறார்கள். அவர்களின் எலும்புகளை 1793-இல் புரட்சிக்காரர்கள் வாரிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டார்கள். எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் இன்று எல்லாம் ஒரே எலும்பறையில் கிடக்கின்றன. தெனியின் கல்லறையான அந்த மண் பள்ளத்தின் முன்னால்தான் எனக்குக் கண் கலங்கியது. அரசனும் இல்லை, படையும் இல்லை. வேற்றூரிலிருந்து வந்து, சொன்னதை மாற்றிச் சொல்ல மறுத்த ஒருவர்.

கேள்வி: பேரனுக்குத் தியோனீசியுஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம். திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தில் பவுலால் மனம் மாறும் ஏதென்ஸ் நகரத்துத் தியோனிசியு இவர்தானா?
– வாசகர், காரைக்கால்

பதில்: இல்லை ஐயா. தியோனீசியுஸ் என்பதன் பிரெஞ்சு வடிவம்தான் தெனி; ஆனால் ஆள் வேறு. இருவருக்கும் நடுவே இருநூறு ஆண்டுகள். 500-ஐ ஒட்டி அந்த ஏதென்ஸ்காரரின் பெயரில் இறையொளியைப் பற்றி எழுதியவர் மூன்றாமவர். இல்துவேன் மூவரையும் ஒருவராக்கிவிட்டார். அதே மடத்தின் துறவி அபெலார் 1121-இல் இதைக் கேள்வி கேட்டார். சக துறவிகள் கொதித்தெழுந்ததால் இரவோடிரவாகத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. படித்த மனிதரை உண்மைக்காக விரட்டியதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் பாருங்கள், அடுத்த ஆண்டே மடத்தலைவரான சூஜே, ஒளியைப் பற்றிய அந்த நூல் தங்கள் ஆயருடையது என்று நம்பிய மடத்தில் வளர்ந்தவர். ஆலயத்தின் பீடப் பகுதியை அவர் புதிதாகக் கட்டினார். கூர்வளைவும் விலா எலும்பு போன்ற கூரைத் தாங்கிகளும் பாரத்தைத் தூண்களில் இறக்கிவிட்டதால், கனத்த சுவருக்குத் தேவை குறைந்தது. அந்த இடமெல்லாம் வண்ணக் கண்ணாடி. 1144 ஜூன் 11 அன்று அர்ச்சிப்பு நடந்தது. கோதிக் கட்டடக் கலை அங்கே பிறந்ததாகத்தான் வரலாறு சொல்கிறது. உங்கள் பேரனுக்கு விழா நாள் அக்டோபர் 9.

கேள்வி: பேராலயத்துக்குப் போக வழி? டிக்கெட் உண்டா?
– அதே பாரிஸ் வாசகி

பதில்: 13-ஆம் எண் மெட்ரோ. நிலையத்தின் பெயரே 'பசிலிக் த சென் தெனி'. ஜெபிக்கவும் நடுக்கூடத்தைப் பார்க்கவும் கட்டணம் இல்லை. கல்லறைகளுக்கும் நிலவறைக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். முகப்பில் ஒரு பக்கக் கோபுரம் இல்லையே என்று மகள் கேட்பாள்: புயலில் பழுதாகி, 1840-களில் கல் கல்லாக இறக்கிவிட்டார்கள். பீடத்தின் பின்பக்கம் கிழக்கு. ஆகவே வெயில் உள்ள நாளில் காலையில் போங்கள். கண்ணாடிகளில் ஒன்றில் அன்னை மரியாவின் காலடியில் சின்னதாகச் சூஜே குப்புற விழுந்து கிடக்கிறார். தேடிப் பிடிக்கும் வேலையை மகளிடம் விடுங்கள்.