பழைய ஈக்வினாக்ஸ் 800 வாங்கியிருக்கிறேன். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டுமா? வயர்லெஸ் பின்பாயிண்டர் தேவையா?

கேள்வி கேட்ட நண்பர் விவரத்தில் எழுதியிருப்பது இது: இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பக்கம் இருக்கிறார். ஒரு விவசாயி தன் வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேட அனுமதி தந்திருக்கிறார். ஒருவர் சில வருடங்கள் பயன்படுத்திய மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 800 டிடெக்டர் கைக்கு வந்திருக்கிறது, அதில் இருக்கும் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) ரொம்பப் பழையது. மிச்சமிருக்கும் பணத்தில் வயர்லெஸ் பின்பாயிண்டர் (தோண்டிய குழிக்குள் தேட உதவும் கையடக்க டிடெக்டர்) வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பின்பாயிண்டர் இல்லாமல் வயலில் கால் வைக்காதீர்கள், ஆனால் உங்கள் மெஷினுக்கு வயர்லெஸ் பின்பாயிண்டர் வேண்டாம். ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், ஆனால் வயலுக்குக் கிளம்பும் முந்தின நாள் ராத்திரி அதைச் செய்யாதீர்கள்.

நான் கேம்பிரிட்ஜ் பக்கம் இருக்கிறேன். ஃபர்ம்வேர் எழுதுவதுதான் தொழில், டிடெக்டர் செய்யும் நிறுவனத்தில் அல்ல. சஃபோக்கில் இரண்டு விவசாயிகளின் நிலத்தில் ஏழு வருடமாகத் தேடி வருகிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

டிடெக்டரில் ஃபர்ம்வேர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். காயில், அதாவது டிடெக்டரின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள், ஒரு மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதிலிருந்து ஒரு சின்னப் புலம் திரும்பி வருகிறது. திரும்பி வரும் அலை அனுப்பிய அலைக்கு எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பது உலோகத்தைப் பொறுத்தது. இரும்பு ஒரு மாதிரி, வெள்ளி ஒரு மாதிரி, ஈயம் வேறு மாதிரி. ஈக்வினாக்ஸ் போன்றவை இதை ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் செய்கின்றன. இத்தனை வரவையும் அலசி, ‘இது இரும்பு, தாழ்ந்த சத்தம் கொடு, இது வெள்ளி, உயர்ந்த சத்தம் கொடு, திரையில் இந்த எண்ணைக் காட்டு’ என்று முடிவெடுப்பது முழுக்க மென்பொருள்தான். அதனால் ஃபர்ம்வேரை மாற்றினால், அதே காயிலும் அதே பேட்டரியும் அதே காசும் இருந்தாலும் காதில் விழும் சத்தம் மாறலாம்.

உங்கள் மெஷினிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2018இல் வந்த ஈக்வினாக்ஸுக்கு 2019இல் 2.0 பதிப்பு வெளியானது. அதில் அயர்ன் பயஸ் என்ற அமைப்பில் எஃப்2 என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரே இடத்தில் இரும்பின் குணமும் நல்ல உலோகத்தின் குணமும் கலந்து வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்று தீர்மானிக்கும் அமைப்பு அது. அதைக் கூட்டினால் துருப்பிடித்த பெரிய ஆணிகள் ‘நல்ல உலோகம்’ என்று பொய் சொல்லி உங்களைத் தோண்ட வைப்பது குறையும். கூடவே, ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் மெல்லிய வெள்ளிக் காசும் இரும்போடு இரும்பாகப் போய்விடக்கூடும். ரோமர் காலத்து வீடு இருந்த வயலில் ஆணிகள் கொட்டிக் கிடக்கும். அங்கே இது பெரிய விஷயம். மைன்லேப் பழைய அமைப்பையும் எடுத்துவிடாமல், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க விட்டது. ஃபர்ம்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் அது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பழகின காதுக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள்.

காது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் சொந்த அனுபவம் ஒன்று. அப்போது வேறொரு மெஷின் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு, புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் உடனே லேப்டாப்பில் செருகிவிட்டேன். பாதியில் லேப்டாப் தூங்கிவிட்டது. டிடெக்டர் திரை இருண்டு போனது. பவர் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் இல்லை. தொழில் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாக இருந்தேன்: பெரும்பாலான கருவிகளில் பூட்லோடர் என்ற சிறு நிரல் தனிப் பகுதியில் பத்திரமாக இருக்கும், பாதியில் நின்ற எழுத்தை அது மறுபடி ஆரம்பிக்க விடும். இன்னொரு லேப்டாப்பில் முதலிலிருந்து ஏற்றினேன், உயிர் வந்தது. மணி பன்னிரண்டு.

மறுநாள் வயலில்தான் உண்மையான நஷ்டம். என் அமைப்புகள் எல்லாம் அழிந்து தொழிற்சாலை அமைப்புக்குப் போயிருந்தன. எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. ஞாபகத்திலிருந்து வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு இடத்தில் கரகரவென்று உடைந்த சத்தம், எண்ணும் நிலையாக இல்லை. ஆணி என்று விட்டுவிட்டு நகர்ந்தேன். என் பின்னால் அதே வரிசையில் வந்த நண்பர் பழைய ஃபர்ம்வேர் உள்ள அதே மாடலோடு அங்கே நின்றார், தோண்டினார். வெட்டிய அரைப் பென்னி. 1280 வாக்கில் வட்டமான அரைப் பென்னி புழக்கத்துக்கு வரும்வரை, வெள்ளிப் பென்னியைப் பாதியாக வெட்டித்தான் சில்லறையாகக் கொடுத்தார்கள். ஒரு கிராம்கூட இராத அந்த வெள்ளித் துண்டு எழுநூறு வருடத்துக்கு மேல் அங்கே கிடந்திருக்கிறது. புது ஃபர்ம்வேர் மோசம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த இரண்டு மாதத்தில் அதே பதிப்பில் நானும் நல்ல காசுகள் எடுத்தேன். அன்றைக்கு அது பேசிய மொழி எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: பயிர் நிற்கும் மாதங்களில், வயலுக்குப் போக முடியாத காலத்தில் புதுப்பியுங்கள். அதற்கு முன்பு இப்போதுள்ள அமைப்பு ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வாங்கியது பழைய மெஷின் என்பதால் கூட வந்த கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஈக்வினாக்ஸில் சார்ஜ் செய்வதற்கும் கணினியோடு பேசுவதற்கும் ஒரே காந்த முனை கேபிள்தான். மாற்றாகக் கிடைக்கும் மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பி மட்டும் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. சார்ஜ் ஏறும், ஆனால் கணினிக்கு மெஷின் தெரியாது. பலர் மெஷின் பழுது என்று பயந்துபோவது இதனால்தான். மெஷினில் உள்ள உலோகப் புள்ளிகளில் காய்ந்த சேறோ கடல் உப்போ இருந்தால் துடைத்துவிடுங்கள். பேட்டரி நன்றாக ஏறியிருக்க வேண்டும், லேப்டாப் தூங்காதபடி வைக்க வேண்டும், கோப்பை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும்.

அப்புறம் தோட்டத்தில் ஒரு சோதனை இடம். இதற்கு ஒரு எச்சரிக்கை: 1992க்குப் பிந்தைய பிரிட்டிஷ் பென்னிகள் செம்பு பூசிய எஃகு. அதைப் புதைத்துவிட்டு மெஷின் சரியில்லை என்று நினைக்காதீர்கள். அதற்கு முந்தைய வெண்கலப் பென்னி ஒன்றை ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். இன்னொன்றை அதே ஆழத்தில், ஒரு துருப்பிடித்த ஆணியைப் பக்கத்தில் வைத்துப் புதையுங்கள். ஒரு துண்டு ஈயம், ஒரு பாட்டில் மூடி. புதுப்பிப்பதற்கு முன் நான்கின் மேலும் காயிலை வீசி, சத்தத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். புதுப்பித்த பிறகு மறுபடி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், எந்த அறிக்கையும் சொல்லாததை உங்கள் காதே சொல்லிவிடும்.

சரி, பின்பாயிண்டர். தெரியாதவர்களுக்காக: டார்ச் லைட் அளவில், நுனியில் குட்டிக் காயில் உள்ள கையடக்க டிடெக்டர் அது. பெரிய டிடெக்டர் ‘இங்கே, இவ்வளவு ஆழத்தில்’ என்று சொல்லும். தோண்டிய பிறகு குழியின் எந்தச் சுவரில், எந்த மண்கட்டிக்குள் காசு இருக்கிறது என்பதை இதுதான் காட்டும். கிழக்கு இங்கிலாந்தின் களிமண்ணில் ஈரக் காசும் ஈரக் கட்டியும் ஒரே நிறம். பின்பாயிண்டர் இல்லாவிட்டால் மண்வெட்டியால் குத்திக் குத்தித் தேடுவீர்கள், அந்தக் குத்து காசின் மேல் விழும்.

வயர்லெஸ் என்று போட்டு விற்பதில் உண்மையான பயன் மூன்று. ஒன்று, பின்பாயிண்டரின் சத்தம் உங்கள் ஹெட்போனிலேயே கேட்கும். காற்றடிக்கும் திறந்த வயலில் இது நல்ல வசதி. இரண்டு, பின்பாயிண்டரை ஆன் செய்ததும் பெரிய டிடெக்டர் அடங்கிவிடும். இரண்டும் காந்தப் புலம் அனுப்புகிற கருவிகள் என்பதால் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று குழப்பி அலறும். மூன்று, தொலைந்த பின்பாயிண்டரைத் தேடிப் பிடிக்கலாம். பிரான்ஸின் எக்ஸ்பி நிறுவனத்தின் எம்ஐ-6 இந்த மூன்றையும் செய்கிறது, ஆனால் அவர்களுடைய டியஸ் வகை மெஷின்களோடு சேரும்போதுதான். அமெரிக்காவின் காரெட் நிறுவனத்துக்கு இசட்-லிங்க் என்ற சொந்த ரேடியோ முறை இருக்கிறது. அதன் பின்பாயிண்டரும் அதே முறையிலுள்ள அவர்களுடைய கருவிகளோடுதான் பேசும்.

இங்கேதான் உங்கள் இரண்டு கேள்வியும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பின்பாயிண்டரின் வயர்லெஸ் வசதி தனியாக வேலை செய்வதில்லை, மறுமுனையில் இருக்கும் மெஷினின் அல்லது ஹெட்போனின் ஃபர்ம்வேருக்கு அதை அடையாளம் தெரிய வேண்டும். எம்ஐ-6 வந்தபோது, பழைய டியஸ் வைத்திருந்தவர்கள் 4.0 பதிப்புக்கு மாறினால்தான் அதை இணைக்க முடிந்தது. டியஸில் காயில், ரிமோட், ஹெட்போன் மூன்றும் தனித்தனிக் கணினிகள் மாதிரி, மூன்றையும் புதுப்பிக்க வேண்டும். ஒரு துணைக்கருவி வாங்கப் போய் மொத்த மெஷினையும் மாற்றிப் பழக வேண்டிய நிலை. உங்கள் ஈக்வினாக்ஸ் 800 எந்தப் பின்பாயிண்டரோடும் இணைவதில்லை. வயர்லெஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் உங்களிடம் சும்மா தூங்கும். சத்தமும் அதிர்வும் தரும், தண்ணீர் புகாத, சாதாரணப் பின்பாயிண்டர் போதும். ஆரஞ்சு மாதிரி கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வாங்கி, சுருள் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். புல்லில் கறுப்புப் பின்பாயிண்டரைத் தேடி அரை மணி நேரம் மண்டியிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். தோண்டும்போது டிடெக்டரை இரண்டு எட்டு தள்ளி வைத்தால் குழப்பச் சத்தமும் நின்றுவிடும். பின்பாயிண்டரை எப்போதும் குழிக்கு வெளியே, உலோகத்துக்கு எட்டத்தில் ஆன் செய்யுங்கள். பல பின்பாயிண்டர்கள் ஆன் ஆகும் நொடியில் சுற்றியிருப்பதை ‘இதுதான் வெறும் மண்’ என்று எடுத்துக்கொள்ளும்.

வயர்லெஸில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஹெட்போன். இந்த மாடல் புதிதாக வரும்போது பெட்டியிலேயே எம்எல்80 என்ற ப்ளூடூத் ஹெட்போனும் கம்பி ஹெட்போனைச் செருகிக் கேட்க உதவும் டபிள்யூஎம்08 என்ற குட்டி வயர்லெஸ் மாட்யூலும் இருக்கும். விற்றவர் அவற்றைக் கொடுத்தாரா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பாட்டுக் கேட்கும் சாதாரண ப்ளூடூத் இயர்போனை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காயிலை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசுகிறீர்கள். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 150 மில்லிநொடி பிந்தினால், நீங்கள் சத்தத்தைக் கேட்கும்போது காயில் காசைத் தாண்டி 15 சென்டிமீட்டர் போயிருக்கும். எம்எல்80 பயன்படுத்தும் குறைந்த தாமத முறையில் இது 4 சென்டிமீட்டர் வாக்கில்தான். மாட்யூலின் 17 மில்லிநொடியில் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. சிறிய குழிக்கும் பெரிய குழிக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இதுதான்.

சிறிய குழி ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் சஃபோக்கிலேயே கதை இருக்கிறது. 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் கிராமத்தில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார் எரிக் லாஸ். கிடைத்தது ரோமர் காலத்துத் தங்கம், வெள்ளி, ஏறக்குறைய 15,000 காசுகள். முழுவதையும் தோண்டி எடுக்காமல் அவர் நிறுத்தித் தகவல் கொடுத்ததால், தொல்லியலாளர்கள் வந்து பொருள்கள் எந்தப் பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதைக்கூட அறிய முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பின்பாயிண்டர் குழிக்குள் நாலா பக்கமும் கத்தினால், மண்வெட்டியைக் கீழே வையுங்கள். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் என்று தெரிந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர் இருப்பார், புதையல் அல்லாத சாதாரணக் காசையும் அவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில் விவசாயி அனுமதி தந்தாலும் டிடெக்டர் பயன்படுத்தக் கூடாது, அதற்கு அரசு அனுமதி தனியாக வேண்டும்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோயில் மேட்டிலும் பழைய கோட்டையிலும் டிடெக்டரோடு இறங்கும் யோசனை இருந்தால், தயவு செய்து விட்டுவிடுங்கள்.

நண்பரே, உங்கள் மெஷினில் எந்தப் பதிப்பு எண் காட்டுகிறது, விற்றவர் எந்தெந்தப் பொருள்களைக் கொடுத்தார் என்று கீழே எழுதுங்கள். அயர்ன் பயஸை எங்கே வைத்து ஆரம்பிக்கலாம் என்று உங்கள் வயலின் மண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.