அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த நோட்டைப் படியுங்கள்

மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டு, போன சனிக்கிழமை கே.ஆர். புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, செகண்ட் பி.யூ. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் மகள், கூடவே பெரியப்பா. பூர்வீகம் கோலார் தங்கவயல். தாத்தா சுரங்கத் தொழிலாளி. 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா வேலை தேடி பெங்களூருக்கு வந்தவர். நீட் மாதிரித் தேர்வுகளில் அந்தப் பெண் 400 மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. பெரியப்பா அதற்குள் ஓர் ஏஜென்ட்டைப் பிடித்துவிட்டார். மேனேஜ்மென்ட் சீட், மொத்தச் செலவு ஒரு கோடிக்கு மேல், இந்த மாதமே ஐந்து லட்சம் அட்வான்ஸ். ஊரில் இருக்கும் வீட்டையும் ஹொஸ்கோட்டே பக்கம் வாங்கிப் போட்ட சைட்டையும் விற்றுவிடலாம் என்ற அளவுக்குப் பேச்சு போயிருந்தது.

"மூளையைப் பத்திப் படிக்கணும்னு இவளே சொல்றா மேடம். அப்போ நியூரோ சர்ஜன்தானே ஆகணும்?" என்றார் பெரியப்பா.

முதல் பத்து நிமிஷம் எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்: பதறாதீர்கள், இன்னும் நேரம் இருக்கிறது. பிறகு அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். பாட்டிக்கு மறதி நோய். ஒரு வருஷமாக அவரைப் பார்த்துப் பார்த்து எழுதி வந்திருக்கிறாள். "காலையில் இட்லி சாப்பிட்டது நினைவில்லை. பேப்பர் தலைப்பைத் தடங்கல் இல்லாமல் படிக்கிறார்." "என் முகத்தைப் பார்த்து அத்தை பெயரைச் சொன்னார். அடுத்த அறையிலிருந்து நான் கூப்பிட்டதும் என் பெயரைச் சொன்னார்." அதன் கீழே பென்சிலில்: "முகம் போய்விட்டது, குரல் எப்படித் தங்கியது?"

அதைப் படித்த பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேராகச் சொல்லிவிட்டேன்: இந்தச் சீட்டை வாங்காதீர்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம். அதன் மேல் அறுவை சிகிச்சைக்கு எம்.எஸ். மூன்று, நியூரோ சர்ஜரிக்கு எம்.சிஎச். மூன்று. நடுவில் இரண்டு நுழைவுத் தேர்வுகள், அவற்றில் இடம் கிடைக்காவிட்டால் வீணாகும் வருஷங்கள். சீட்டை வாங்கித் தரும் ஏஜென்ட் அந்தத் தேர்வுகளை எழுதித் தர முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், இவள் கேட்கும் கேள்வி அறுவை சிகிச்சைக்கான கேள்வியே இல்லை. நினைவு என்பது மூளையில் எப்படி நடக்கிறது என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் என்று பெயர். 1970-களின் கடைசியில் மைக்கேல் கஸானிகா, ஜார்ஜ் மில்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நியூயார்க்கில் ஒரு டாக்ஸியில் போகும்போது வைத்த பெயர் அது. 1989-ல் அதே பெயரில் ஓர் ஆய்விதழ் தொடங்கியது. கவனம், நினைவு, மொழி, முகம் அறிதல், முடிவெடுத்தல் என்று மனத்தின் வேலைகளை மூளையில் தேடும் கட்டுரைகள் அதில் வரும். ஒரு துறை பிள்ளைக்கு ஒத்துவருமா என்று தெரிய, கல்லூரிக் கையேட்டைவிட அந்தத் துறை ஆய்விதழின் பொருளடக்கத்தைப் பார்ப்பது மேல் என்பது என் அனுபவம். என் கம்ப்யூட்டரில் பழைய இதழ் ஒன்றையும் புதிய இதழ் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, "என்ன மாறியிருக்கு, சொல்லும்மா" என்றேன்.

அரை மணி நேரம் போனது தெரியவில்லை. ஆரம்ப காலத்தில் பக்கவாதத்தாலோ விபத்தாலோ மூளையில் அடிபட்ட நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகள் நிறைய. 1990-ல் சேய்ஜி ஒகாவா என்ற விஞ்ஞானி, மூளை வேலை செய்யும்போது ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாறுவதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்க்க வழி கண்டார். அதன் பிறகு "முகத்துக்கு இந்த இடம், சொல்லுக்கு அந்த இடம்" என்று வரைபடம் போடும் காலம் வந்தது. பத்து, இருபது பேரை ஸ்கேனரில் படுக்க வைத்தாலே ஒரு கட்டுரை. பிறகு, ஓர் இடம் மட்டும் ஒளிர்கிறதா என்று பார்ப்பதிலிருந்து மூளையின் பல புள்ளிகளில் விரியும் கோலத்தைப் படிப்பதற்கு நகர்ந்தார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு வலைகளோடு மூளையை ஒப்பிடுகிறார்கள்.

இன்னொரு மாற்றத்தை அவளே கண்டுபிடித்தாள். புதிய கட்டுரைகளில், தரவும் நிரலும் எங்கே கிடைக்கும் என்று எழுதியிருக்கிறது. காரணத்தை நான் சொன்னேன். சின்னச் சின்ன ஆய்வுகளை வைத்துப் பெரிய முடிவு சொன்னதற்கு இந்தத் துறை கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. நரம்பியல் ஆய்வுகளின் புள்ளியியல் திறன், அதாவது உண்மையில் இருக்கும் விளைவை ஓர் ஆய்வு பிடித்துவிடும் வாய்ப்பு, நடுத்தரமாக 21 சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது என்று 2013-ல் ஒரு கட்டுரை கணக்கிட்டது. 2020-ல் ஒரே ஸ்கேன் தரவை 70 குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அலசவில்லை, முடிவுகளும் பல இடங்களில் வேறுபட்டன. மூளை அமைப்பையும் மனிதர்களுக்கு இடையிலான குணவேறுபாட்டையும் இணைத்துச் சொல்ல ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று 2022-ல் இன்னொரு ஆய்வு காட்டியது. இப்போது சில இதழ்கள், பரிசோதனை தொடங்கும் முன்பே திட்டத்தை வாங்கிப் பரிசீலித்து ஒப்புக்கொள்கின்றன. பிறகு முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுகின்றன. 2013-ல் கார்டெக்ஸ் என்ற இதழ் தொடங்கி வைத்த வழக்கம் இது.

ஒரு குடும்பத்துக்கு இது ஏன் தெரிய வேண்டும்? இந்தத் துறைக்கு இன்று தேவைப்படுவது புள்ளியியல், நிரல் எழுதத் தெரிந்த கை, நேர்மையாகக் குறிப்பெடுக்கும் பழக்கம். இவளுடைய மதிப்பெண் பட்டியலில் பயாலஜியைவிடக் கணக்கு உயர்ந்து நிற்கிறது. நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் தேதியும் நேரமும் போட்டிருக்கிறாள், யாரும் சொல்லித் தராமலே.

அவர்கள் இதையெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம் என்று நினைத்தார்கள். நம்ம ஊர் சமாச்சாரம்தான். இங்கே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) எஸ்.பி. அருண் குழுவினர் தெலுங்கு படிக்கத் தெரிந்து மலையாளம் தெரியாதவர்களையும் மலையாளம் படிக்கத் தெரிந்து தெலுங்கு தெரியாதவர்களையும் ஒப்பிட்டு 2019-ல் கட்டுரை வெளியிட்டார்கள். படிக்கப் பழகிய எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும்போது ஒன்றையொன்று குழப்புவது குறைகிறது என்பது அதன் சாரம். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் படித்த இந்தப் பெண் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கேயே சுப்ரதிம் ரே குழு பெங்களூர் முதியவர்களின் தலையில் மின்முனைகள் பொருத்தி, கோடு கோடான படங்களைக் காட்டி மூளை அலைகளைப் பதிந்தது. மறதி தொடங்கியவர்களுக்கு காமா என்ற வேகமான மூளை அலை வலுக் குறைந்திருப்பதை 2021-ல் எழுதினார்கள். ஐ.ஐ.எஸ்சி. வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் 45 வயதுக்கு மேற்பட்ட பத்தாயிரம் கிராமத்தாரை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கத் திட்டமிட்டு வேலை செய்கிறது. "அது நம்ம மாவட்டமாச்சே," என்றார் அப்பா. அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.

படிப்பு வழி ஒன்றும் சுற்றுவழி அல்ல. ஐ.ஐ.எஸ்சி.யின் நான்கு வருஷ பி.எஸ்சி. ஆராய்ச்சிப் படிப்போ, ஐஸர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களில் இடமோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் குடி முழுகாது. சைக்காலஜியோடு புள்ளியியலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ சேர்ந்து வரும் பி.எஸ்சி.யை நம்ம ஊர்க் கல்லூரி ஒன்றில் படிக்கட்டும். அடுத்து காக்னிட்டிவ் சயின்ஸ் எம்.எஸ்சி. காந்திநகர் ஐ.ஐ.டி.யில் இருக்கிறது, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. பிறகு பி.எச்.டி. படிக்கலாம். தேர்வில் வென்று ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனதும் 42,000, அதற்கு மேல் வீட்டு வாடகைப் படி. 2023 ஜனவரி முதல் இந்த அளவு.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. பி.எச்.டி. ஐந்து, ஆறு வருஷம் இழுக்கும். பேராசிரியர் வேலை எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் அதுவரை கற்ற புள்ளியியலும் நிரலும் இந்த ஊரில் வேறு பல கதவுகளைத் திறக்கும், அப்போது தலைமேல் கடன் இருக்காது. வீட்டை விற்று வாங்கிய சீட் நடுவில் பிடிக்காமல் போனால் அந்தப் பெண் யார் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வாள்?

பணத்தில் இன்னொரு எச்சரிக்கை. பள்ளிப் பிள்ளைகளுக்கே "ஆராய்ச்சிக் கட்டுரை போட்டுத் தருகிறோம்" என்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கேட்பவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். பெரியப்பா அதையும் விசாரித்து வைத்திருந்தார். ஒரு பைசா தராதீர்கள். கட்டுரை வெளியிடக் கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உண்டு, அதை ஆய்வகமோ நிதி தருபவரோ கட்டுவார்கள். அந்தக் கட்டணமும் அதிகம் என்று இந்தத் துறையினரே கொதித்திருக்கிறார்கள். நியூரோஇமேஜ் என்ற மூளைப் பட ஆய்விதழ் ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர் கேட்டதற்காக 2023-ல் அதன் ஆசிரியர் குழுவில் 40-க்கும் மேற்பட்டோர் ஒன்றாக விலகி, இமேஜிங் நியூரோசயின்ஸ் என்று வேறு இதழ் தொடங்கினார்கள். பதினேழு வயதுப் பெண்ணின் பெயரில் காசுக்கு அச்சாகும் கட்டுரையை அப்படிப்பட்டவர்கள் யாரும் மதிக்கப் போவதில்லை.

உனக்கும் இரண்டு வார்த்தை, கண்ணு. ஓப்பன்நியூரோ என்ற தளத்தில் உண்மையான மூளை ஸ்கேன் தரவுகள் இலவசமாகக் கிடைக்கும். தேர்வு முடிந்ததும் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொண்டு ஒன்றையாவது திறந்து பார். அந்த வேலை சலித்தால் சலித்தது என்றே என்னிடம் சொல், வேறு வழி யோசிப்போம். நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. அப்பாவையும் பெரியப்பாவையும் அழைத்துப் போ. பாட்டியைப் பற்றி எழுதுவதை நிறுத்தாதே. குரல் கேட்டு அடையாளம் சொல்லும் நாட்களை மட்டும் தனிப் பக்கத்தில் குறி.

ஏஜென்ட்டுக்கு இப்போதைக்குப் பணம் இல்லை என்று அப்பா அங்கேயே போனில் சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவரையும் கட்டாயம் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், ரிசல்ட் வந்த மறு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு.