பிளாக் டை விருந்துக்கு வாடகைக் கோட்டா? வேண்டாம் தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, டிசம்பரில் கம்பெனியின் ஆண்டு விருந்து, அழைப்பு அட்டையில் ‘பிளாக் டை’ என்று போட்டிருக்கிறது, கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டே போதுமா, இல்லை ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா, சிங்களம் தெரியாமல் ஓட்ட முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் பாருங்கள். சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. சிங்களத்துக்குப் பிறகு வருகிறேன். என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அந்தக் கோட் விஷயம்தான்.

நான் திருச்சியிலிருந்து இங்கே வந்தது 1998 மார்ச்சில். தேயிலை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. அந்த டிசம்பரில் எனக்கும் இதே மாதிரி ஓர் அட்டை வந்தது. கறுப்பு டை கட்டிக்கொண்டு போனால் போதும் என்று நினைத்தேன். அறையில் கூட இருந்த நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். விருந்துக்கு முந்தின நாள் அலுவலகத்தில் ஒருவர், ‘பிளாக் டை’ என்றால் டின்னர் கோட், அதற்கேற்ற பேன்ட், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி நிற்கிற கறுப்பு போ டை எல்லாம் சேர்ந்த முழு உடுப்பு என்று சொன்னதும், ஓடிப்போய் ஒரு கடையில் முழு செட்டையும் வாடகைக்கு எடுத்தேன்.

யாருக்கோ தைத்த கோட். கை விரல் மூட்டு வரை வந்தது. தோள் இரண்டு பக்கமும் சரிந்து நின்றது. பேன்ட் இடுப்பில் நிற்காததால் என்னுடைய பழுப்பு பெல்ட்டைப் போட்டேன். ஷூவும் பழுப்பு. போ டை கொக்கி மாட்டுகிற ரெடிமேட். ஓட்டல் வாசலில் என் மேலதிகாரி, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர், என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், “கோட் பொத்தானைப் போட்டுக்கொள், ராத்திரி முழுக்கத் திறக்காதே” என்றார். பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். நான்கு மணி நேரம் நான் திறக்கவில்லை, சாப்பிடும்போதுகூட. அறைக்கு வந்து கழற்றினால், வியர்வையில் உள்துணியின் சாயம் இறங்கி, வெள்ளைச் சட்டையில் அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை ஊதா ஊதாவாகத் திட்டு. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அம்மா வாங்கிக் கொடுத்த சட்டை அது. மூன்று தடவை துவைத்தும் போகவில்லை.

அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: வாடகைக் கோட்டைத் தொடாதீர்கள். கையைச் சுருக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோளை மட்டும் எந்தத் தையற்காரராலும் லேசில் சரிசெய்ய முடியாது. தோள் எலும்பு முடிகிற இடத்தில் கோட்டின் தோள் தையலும் முடிய வேண்டும். அது உங்களுக்கென்று அளவெடுத்தால்தான் வரும். வாடகைக்கு வருவது பெரும்பாலும் பாலியஸ்டர், கொழும்பின் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

ரிசப்ஷன் கோட்டும் வேண்டாம். அது மாப்பிள்ளையைக் கூட்டத்தில் தனியாகக் காட்டத் தைத்தது. இந்த விருந்தில் ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மெரூன் நிறமும் ஜிகினாவும் அங்கே ஒட்டாது.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னாலேயே வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்துத் தையற்காரரிடம் போனேன். அறுபது வயசிருக்கும். இந்த உடுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தந்தது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, இது மறைக்கிற உடுப்பு. தையல் தெரியக் கூடாது, பொத்தான் தெரியக் கூடாது, இடுப்பு தெரியக் கூடாது. விளங்குதோ?”

விளங்கியது. அதை வைத்துப் பார்த்தால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். பேன்டின் வெளிப்பக்கத் தையலை மறைக்கத்தான் இடுப்பிலிருந்து கீழ்வரை ஒற்றைப் பட்டுப் பட்டை ஓடுகிறது. கோட்டின் கழுத்து மடிப்புக்குச் சாட்டினோ, குரோகிரெய்ன் என்கிற வரிவரியான பட்டோ போர்த்துகிறார்கள், பொத்தானுக்கும் அதே துணி. கோட்டுக்குப் பொத்தான் ஒன்றே ஒன்று. மடிப்பு மேல்நோக்கிக் கூராக நிற்கலாம், அல்லது சால்வை மாதிரி வளைந்து இறங்கலாம். ஆபீஸ் கோட்டில் இருப்பது போல வெட்டு விழுந்த மடிப்பைத் தைத்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாக்கெட்டுக்கு மூடி கிடையாது. பேன்டின் காலில் வெளிமடிப்பு கிடையாது. பெல்ட்டுக்கு வளையமே வைக்கக் கூடாது, பேன்டைத் தோளிலிருந்து சஸ்பெண்டர் பிடித்துக்கொள்ளும், கோட்டுக்குள் அது யாருக்கும் தெரியாது. சட்டைக்கு முன்பக்கம் ஸ்டட் என்கிற தனிப் பொத்தான்கள், மடித்த கைக்குக் கஃப்லிங்க். கோட் கைக்கு வெளியே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டும். நின்று பார்த்தால் போதாது, கையை மடக்கி உட்கார்ந்தும் பாருங்கள்.

இடுப்புக்கு வருகிறேன். சட்டையும் பேன்டும் சேருகிற இடத்தை மறைக்க, முன்பக்கம் தாழ வெட்டிய வெயிஸ்ட்கோட் போடலாம், இல்லை கமர்பந்த் என்கிற மடிப்பு வைத்த அகலமான இடுப்புப் பட்டை கட்டலாம். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. கமர்பந்த் நம் பக்கத்துச் சாமான். பாரசீகத்தில் கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் இந்தியாவுக்கு வந்து, வெயிலில் வெயிஸ்ட்கோட் தாங்காமல் இதற்கு மாறினார்கள். நம் பழைய கச்சையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டி வருகிறவர்களை இங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன், பல வருஷம் வெளிநாட்டில் இருந்தவர்கள் உட்பட.

போ டையைக் கையால் கட்டப் பழகுங்கள். ஷூ லேஸ் முடிச்சேதான், வேறொன்றும் இல்லை. கழுத்தில் கட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் கை குழம்பும். தையற்காரர் எனக்குக் காட்டிய வழி, நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்கு மேலே தொடையில் கட்டிப் பழகுவது. தொடை ஏறக்குறைய கழுத்தின் சுற்றளவு இருக்கும். குனிந்து பார்த்தபடி பத்து நாள் கட்டினேன். பதினோராம் நாள் கண்ணாடி முன் நின்றபோது கை தானாகச் செய்தது. இரண்டு பக்கமும் அச்சு மாதிரி ஒன்றாக இராது, கொஞ்சம் கோணும். அந்தக் கோணல்தான் கையால் கட்டியதற்கு அடையாளம், அதை நேராக்காதீர்கள்.

சப்பாத்து கறுப்பு, லேஸ் போட்டது, முன்பக்கம் வேலைப்பாடு இல்லாதது. (ஷூவை இங்கே சப்பாத்து என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.) முறைப்படி கண்ணாடி மாதிரி மினுங்கும் பேட்டன்ட் லெதர் போட வேண்டும், ஆனால் நல்ல தோலை முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கறுப்புச் சாக்ஸ் நீளமாக இருக்கட்டும், கால்மேல் கால் போட்டால் தோல் தெரியக் கூடாது. கைக்கடிகாரம் பழைய முறைப்படி கூடாது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கறுப்பு வாரோடு மெல்லியதாக ஒன்று.

துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய கம்பளி, மீட்டருக்கு 250 கிராமுக்குப் பக்கத்தில், மொஹேர் என்கிற ஆட்டு மயிர் கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. உள்துணியை முதுகில் பாதிதான் வைக்கச் சொல்லுங்கள். நிறம் கறுப்பு, அல்லது நள்ளிரவு நீலம். விளக்கு வெளிச்சத்தில் அந்த நீலம் கறுப்பைவிடக் கறுப்பாகத் தெரியும்.

வெப்ப நாடுகளுக்கு வெள்ளைக் கோட்டும் உண்டு. பளிச்சென்ற வெள்ளை கூடாது, தேங்காய்ப்பால் நிறம். மடிப்புக்குப் பட்டுப் போர்த்தாமல் அதே துணி. பேன்ட் கறுப்புதான். 1930-களில் சூடான ஊர்களுக்குப் போனவர்கள் இதைப் பரப்பினார்கள். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வருகிற சில சொந்தங்கள் ‘அங்கே இதைப் போட்டால் வெயிட்டர் என்று நினைப்பார்கள்’ என்று முகம் சுளிப்பார்கள். அந்த ஊரின் பனிக்கு அது பொருந்தாது, உண்மைதான். கொழும்பு போன்ற ஊருக்கென்றே வந்த கோட் அது. சூயஸ் வழியாகக் கொழும்புக்கு வந்த கப்பல்களில் செங்கடலின் சூட்டில் கோட்டையே கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையும் கமர்பந்துமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் வழக்கம் இருந்தது. ‘ரெட் சீ ரிக்’ என்று அதற்குப் பெயரே உண்டு. இந்த டின்னர் கோட்டும் சௌகரியத்துக்காகப் பிறந்ததுதான். 1865-ல் வேல்ஸ் இளவரசர் நீளவால் கோட் இல்லாமல் வீட்டில் சாப்பிட உட்கார, லண்டன் ஹென்றி பூல் கடையில் ஒரு குட்டைக் கோட் தைத்துக்கொண்டார். அங்கே தொடங்கியது. வெயிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது தப்பு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அட்டையை இன்னொரு தடவை நன்றாகப் படியுங்கள். இங்கே அட்டையில் ‘லவுஞ்ச்’ என்று போட்டால் சாதாரண கோட் சூட் என்று அர்த்தம். சோபாவில் சாய்ந்திருக்கும் உடை என்று நினைத்து டி-ஷர்ட்டில் வந்த நம் ஆட்களை எனக்குத் தெரியும். ‘நேஷனல்’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் உங்களுக்கு வேறு வழியும் உண்டு: பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம். நான் பல விருந்துகளுக்கு அப்படிப் போயிருக்கிறேன், ஒருவரும் ஏற இறங்கப் பார்த்ததில்லை. நம் சென்னையில்தான் 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிரிக்கெட் கிளப்பில் உள்ளே விடவில்லை, அந்த வருஷமே சட்டமன்றத்தில் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் ‘பிளாக் டை’ மட்டும் போட்டிருந்தால் அழைத்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேட்டி கட்டுங்கள். வேட்டிக்கு மேலே டின்னர் கோட் மட்டும் வேண்டாம், இரண்டுக்கும் மரியாதை போய்விடும்.

சிங்களம் கேட்டீர்களே. 1999 டிசம்பர், விருந்து நாள். புதுக் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு காலி வீதியில் (காலி என்ற ஊருக்குப் போகிற சாலை) ஆட்டோவில் போகிறேன். போர் நடந்த காலம், அப்போது சோதனைச் சாவடி இல்லாத தெரு கிடையாது. ஒரு இளம் சிப்பாய் பையைத் திறந்து, கமர்பந்தைக் கையில் எடுத்து, கொக்கியையும் எலாஸ்டிக்கையும் இழுத்து இழுத்துப் பார்த்தான். இடுப்பில் கட்டுகிற சாமான், அதுவும் வெடிகுண்டுப் பட்டியோ என்று சந்தேகப்படுகிற அந்தக் காலத்தில். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடம்பு நடுங்கியது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, அதை வாங்கித் தன் சாறத்துக்கு (நம் லுங்கிதான்) மேலே சுற்றிக் காட்டி ஏதோ விளக்கினார். சிப்பாய் அதை மடிப்புக் கலையாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த வாரமே நான் சிங்கள வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து வருஷம் இங்கே இருந்துவிட்டு, அபார்ட்மென்ட், ஆபீஸ், இந்தியச் சாப்பாட்டுக் கடை மூன்றைத் தவிர எதுவும் தெரியாமல் ஊர் திரும்புகிறவர்கள் நிறைய. போய் ‘கொழும்பில் ஒன்றும் இல்லை’ என்பார்கள். அவர்களோடு சேராதீர்கள். சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள், யாழ்ப்பாணத் தமிழையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. விருந்து முடிந்ததும் கோட்டை அப்படியே அலமாரிக்குள் திணிக்காதீர்கள். இந்தக் கடல் காற்றில் இரண்டு மாதத்தில் கழுத்து மடிப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் தொங்கவிட்டு, பருத்தித் துணி உறையில் வையுங்கள். மாதம் ஒரு தடவை வெளியே எடுங்கள். பாச்சை உருண்டை போட்டால் வாடை அடுத்த டிசம்பர் வரை போகாது.

என் கோட் இன்னும் இருக்கிறது. தையற்காரர் 2006-ல் பிள்ளைகளோடு கனடா போய்விட்டார். போவதற்கு முந்தின வாரம் கோட்டை ஒரு தடவை கொண்டுவரச் சொன்னார். உள்பக்கம் திருப்பி, முதுகுத் தையலில் ஒன்றரை அங்குலம் துணி மடித்து விட்டிருப்பதைக் காட்டினார். “உமக்கு உடம்பு வைக்கும் தம்பி. ஆர் பிரிச்சாலும் இந்த நூலில இருந்து பிரிக்கச் சொல்லும்” என்றார். அந்த நூல் மட்டும் மற்றதைவிட ஒரு சாயல் வெளிறியிருந்தது. எப்போதோ வரப்போகிற வேறொரு தையற்காரருக்காக 1999-லேயே அடையாளம் வைத்திருக்கிறார். 2009-ல் பாதி பிரித்தோம், நாற்பத்தைந்து வயதானபோது மீதியும் தீர்ந்தது.

இந்தச் சனிக்கிழமையே துணி எடுத்துவிடுங்கள், நவம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் வேலை குவிந்து எந்தத் தையற்காரரும் நிதானமாக வெட்ட மாட்டார். உள்ளே ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள்.