பேஸ் ஆயில் லேபில் வேலை: மகளைச் சேரச் சொல்லலாமா?

வேதியியல் பட்டம் முடித்த மகளுக்கு லூப்ரிகன்ட் (மசகு எண்ணெய்) ஆலை லேபில் வேலை கிடைத்திருக்கிறது. "நாள் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு; எலக்ட்ரிக் வண்டி பெருகினால் அதுவும் போய்விடுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். பிசுக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது கேள்விதான் நியாயமானது. ஆனால் அதற்கு முன், அங்கே என்ன வேலை நடக்கிறது என்று பார்ப்போம்.

இன்ஜின் ஆயிலில் பெரும்பகுதி பேஸ் ஆயில் என்னும் அடிப்படை எண்ணெய்தான், மீதி அதன் தன்மையை மேம்படுத்தச் சேர்க்கும் அடிட்டிவ் ரசாயனங்கள். பேஸ் ஆயிலை ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. கரைப்பான் கொண்டு சுத்திகரிக்கும் பழைய முறையில் வருவது பெரும்பாலும் குரூப் 1. உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் செலுத்திச் சுத்திகரித்தால் 2, 3. இவற்றில் கந்தகம் 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நான்காவது பிஏஓ (பாலி ஆல்ஃபா ஓலிஃபின்) என்னும் செயற்கை எண்ணெய். இவற்றில் சேராத எஸ்டர், நாப்தீனிக் போன்ற எண்ணெய் வகைகளெல்லாம் ஐந்தாவது.

உங்கள் மகள் அதிகம் செய்யப்போவது விஸ்காசிட்டி, அதாவது எண்ணெயின் பாகுத்தன்மையை அளக்கும் சோதனை. நுண்குழாய் உள்ள கண்ணாடிக் குழாயில் எண்ணெயை ஊற்றி, 40 டிகிரி தொட்டியில் நிறுத்துவார்கள். மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு எண்ணெய் இறங்கும் நேரத்தைக் குழாயின் மாறிலியால் பெருக்கினால் விடை. தொட்டியின் வெப்பம் 0.02 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது, அவ்வளவு கறார். அப்புறம் அதே எண்ணெயை 100 டிகிரியில் அளப்பார்கள். இரண்டு அளவையும் வைத்துக் கணக்கிடுவதுதான் விஸ்காசிட்டி இண்டெக்ஸ். அது உயர்வாக இருந்தால், சூடேறும்போது எண்ணெய் அதிகம் நீர்த்துப்போகாது. குரூப் 3-க்கு அது 120-ஆவது இருக்க வேண்டும். தீப்பற்றும் வெப்பநிலை, குளிரில் உறையும் நிலை, ஆவியாகும் அளவு என்று மற்ற சோதனைகளும் உண்டு, பழகிவிடும்.

சோதனையில் வந்த எண்களை எழுதிவைப்பதோடு நின்றால் வளர்ச்சி இல்லை. 'இது எங்கே பயன்படும்' என்று கேட்கிறவர்தான் மேலே போவார். கடுங்குளிரிலும் ஓடும் நாப்தீனிக் எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. பிரைட் ஸ்டாக் என்னும் கெட்டியான பேஸ் ஆயில் கியர் ஆயிலுக்கும் கப்பல் இன்ஜின் எண்ணெய்க்கும் போகிறது.

சரி, எலக்ட்ரிக் வண்டி? இன்ஜின் ஆயிலின் தேவை காலப்போக்கில் குறையும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வண்டியிலும் கியர் உண்டு, பேரிங் உண்டு. காற்றாலை, ஹைட்ராலிக் இயந்திரம், கம்ப்ரசர் எதுவும் எண்ணெய் இல்லாமல் ஓடாது. ஆகவே முதல் இரண்டு, மூன்று வருடம் சோதனை வேலையைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டு, எந்த எண்ணெயில் எதை எவ்வளவு கலப்பது என்று வகுக்கும் ஃபார்முலேஷன் பக்கமோ, ஓடிய எண்ணெயைச் சோதித்து இயந்திரத்தின் தேய்மானத்தைக் கண்டறியும் பக்கமோ நகரட்டும். மூன்று வருட அனுபவம் இருந்தால் மசகுத் துறை வல்லுநர்களின் எஸ்டிஎல்இ (STLE) அமைப்பு நடத்தும் சிஎல்எஸ் (CLS) என்னும் மசகு நிபுணர் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம்.

சேரும் முன் ஒன்றை மட்டும் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்: கண்ணாடிக் குழாய்களைக் கழுவ என்ன கரைப்பான், அங்கே புகையை உறிஞ்சும் ஹூட் இருக்கிறதா? மழுப்பினால் வேறு லேப் பார்க்கலாம்.