"உடம்பைப் போட்டு விளையாடு" என்றால் என்ன? ஐஸ் ஹொக்கி கேள்வி பதில்

பிள்ளை கொஞ்சம் உயரமாக வளர்ந்து டிஃபென்ஸில் நின்றால் போதும், கோச்சின் வாயில் ஒரே பாட்டுத்தான்: "பிளே ஃபிசிக்கல்." ரொறன்ரோவில் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு டிஃபென்ஸ் பழக்குகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, மகனுக்கு 14 வயது, ஆறடி இரண்டு அங்குலம். "இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு பூனை மாதிரி விளையாடுகிறான்" என்று கோச் குறைப்படுகிறார். சுபாவத்திலேயே அமைதியான பிள்ளை.

சுபாவத்தை விடுங்கள், காலைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவன் ஒரே வருடத்தில் மூன்று சோடி ஸ்கேட் மாற்றினான். பனியில் இறங்கினால் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி, கால் ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம். அவனைப் போய் "இடி" என்றால் ஆளை இடிக்க மாட்டான், கண்ணாடியைத்தான் இடிப்பான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்குப் பின்பக்கமாக ஸ்கேட் பண்ணுவதும் திரும்புவதும்தான் கொடுத்தேன். கால் நிலைத்த பிறகு தோள் தானாக வந்தது.

எனக்கு 16 வயது. கோச் சொன்னாரே என்று இடிக்கப் போகிறேன். ஆள் தப்பி விடுகிறான், கோல் விழுகிறது. அதற்கும் எனக்குத்தான் ஏச்சு.

தம்பி, நீர் ஆளைத் தேடிப் போகிறீர். அவனை உம்மிடம் வரவைக்க வேண்டும். வலைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டு, அவனுக்குப் போர்ட் பக்கம், அதாவது பனித்தளத்தின் ஓரச் சுவர்ப் பக்கம் மட்டும் வழி விடும். கண் பக்கில், அதாவது அந்த ரப்பர் வட்டில் இருக்கக் கூடாது, அவன் நெஞ்சில் இருக்க வேண்டும். பக் ஏமாற்றும், நெஞ்சு ஏமாற்றாது. முதலில் ஸ்டிக் பக்கில் படட்டும், அப்புறம் இடுப்பும் தோளும் அவன் கைகளுக்கு முன்னால் போகட்டும். இந்த வரிசை மாறினால் சத்தம் மட்டும் பெரிதாக வரும், பக் அவனிடமே இருக்கும்.

உயரமானவரின் முதல் ஆயுதம் எட்டுகிற தூரம். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் ஸ்டிக்கின் நீளம் 63 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆறடி ஆறு அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் அனுமதி கேட்டால் 65 வரை தருவார்கள். அங்கே டிஃபென்ஸ் ஆடிய ஆறடி ஒன்பது அங்குல ஸ்டேனோ சாராவைச் சுற்றிப் போவதென்றால் முதலில் அந்த ஸ்டிக்கைத் தாண்ட வேண்டியிருந்தது. தோள் வந்தது அதற்குப் பிறகுதான்.

என் பிள்ளை நேராகத்தான் மோதுகிறான், ஆனாலும் பெனால்டி. குள்ளமான பிள்ளைகள் வந்து விழுந்தால் இவன் என்ன செய்வான்?

பாவம்தான். இவன் தோள் நிற்கும் இடத்தில் அந்தப் பிள்ளையின் தலை இருக்கிறது. சிறுவர் ஹொக்கியில் தெரியாமல் தலையில் பட்டாலும் பெனால்டி உண்டு. முழங்காலை மடித்துத் தாழ்வாக நிற்கப் பழக்குங்கள், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். ரெஃபரியோடு சண்டை வேண்டாம்.

தலையில் அடிபடும் என்று பயமாக இருக்கிறது. மகளுக்கும் மகனுக்கும் வயது 11.

இந்த வயதில் பாடி செக்கிங்கே, அதாவது உடம்பால் இடிப்பதே இல்லை, அக்கா. 11, 12 வயதுப் பிரிவில் அதை ஹொக்கி கனடா 2013இல் நிறுத்திவிட்டது. பெண் பிள்ளைகள் ஆட்டத்தில் அது பொதுவாகவே கிடையாது. மகன் பெரியவனானதும் போர்டுக்கு முகம் கொடுத்து நிற்காமல், இடி வாங்கவும் பழக வேண்டும். அதை யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது என் மனக்குறை.

இடிக்காமல் பெரிய டிஃபென்ஸ் வீரர் ஆனவர் யாராவது உண்டா?

நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். 1,564 ஆட்டத்தில் தண்டனையாக வெளியே உட்கார்ந்த பெனால்டி நிமிடம் 514தான், சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நோரிஸ் விருது ஏழு தடவை. கிறிஸ் ப்ரோங்கர் நேர் எதிர்: 1,167 ஆட்டத்தில் 1,590 நிமிடம். தடை வாங்கி வெளியே இருந்ததும் பல தடவை. ஆனால் 2000இல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருதும் அவருக்குத்தான். பொபி ஓருக்குப் பிறகு அதை வாங்கிய முதல் டிஃபென்ஸ் வீரர். இருவரும் 2015இல் ஒன்றாகவே ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். ஆனால் ஒன்று, லிட்ஸ்ட்ரோமைக் காட்டிப் பிள்ளையைச் சும்மா நிற்க விடாதீர்கள். வலைக்கு முன்னால் நிற்பவனின் ஸ்டிக்கைத் தூக்கி அவனை அப்பால் நகர்த்தாத டிஃபென்ஸை எந்தக் கோச்சும் ஆட்டத்தில் இறக்க மாட்டார்.

சண்டை பிடிக்கச் சொல்லுகிறார் கோச்!

வேறு கோச்சைத் தேடுங்கள்.

நான் போய்க் கோச்சோடு பேசலாமா?

பேசலாம். ஆனால் ஆட்டம் முடிந்த சூட்டில், கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். பல கழகங்களில் 24 மணி நேரம் பொறுத்துப் பேச வேண்டும் என்று விதியே இருக்கிறது. "ஃபிசிக்கல் என்றால் எந்த இடத்தில், என்ன செய்ய வேண்டும்? போன ஆட்டத்திலிருந்து ஒரு இடம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பதினாறு தாண்டிய பிள்ளையென்றால் அவனே போய்க் கேட்கட்டும், நீங்கள் காரில் இருங்கள்.